பூங்கா மேற்பார்வைக் குழுவுக்கு சபைப் பாதீட்டில் காசு கேட்கலாமா? (திருகோணமலை)

கடற்கரைவீதி எழுதியது:

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் கடலோரமாக உள்ள ஒரு சபை எல்லைக்குள் இருந்து எழுதுகிறேன். சபையின் பெயரைச் சொல்லவில்லை. எவரையும் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை, வழி தெரிந்தால் போதும்.

எங்கள் பக்கம் சிறுவர் பூங்காக்கள் சில இருக்கின்றன. எல்லாம் கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போட்டது முழுக்க இரும்பு. ஒரு ஊஞ்சலில் கொக்கி மாட்டியிருக்கும் இடம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. விரலால் தடவினால் செம்பழுப்புத் தூள் கொட்டுகிறது. மற்ற ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, அதற்குப் பதிலாக யாரோ மீன்வலைக்குப் போடும் நைலோன் கயிற்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதிலும் ஏறி ஆடுகிறார்கள். சறுக்கு மரத்தின் அடித்தகடு சுருண்டு நிற்கிறது. மலசலகூடத்துக்குப் பூட்டு, திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், பக்கத்துச் சனசமூக நிலையங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஒரு மேற்பார்வைக் குழு அமைத்தோம். நான் செயலாளர். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, படம் எடுத்து, எழுதி சபையில் கொடுக்கிறோம். யாருக்கும் சம்பளம் வேண்டாம். ஆனால் போட்டோ கொப்பி, கையுறை, குப்பைப் பை, முச்சக்கரவண்டிக் கூலி எல்லாம் எங்கள் பையிலிருந்து போகிறது. குழுவில் பாதிப் பேர் தினக்கூலிக்குப் போகும் பெண்கள். அவர்களிடம் எத்தனை தடவை கேட்பது?

சபையில் கேட்டோம். "குழுவுக்குக் கொடுக்க வோட் இல்லை" என்றார்கள், அதாவது பாதீட்டில் அதற்கென்று ஒதுக்கீடு இல்லை என்று. வெளியே வரும்போது உறுப்பினர் ஒருவர், "நான் என் கையால் ஏதாவது தாறன் தங்கச்சி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வாங்க எனக்கு மனம் வரவில்லை.

சபை எங்களுக்குக் காசு தர சட்டத்தில் இடம் இருக்கிறதா? தந்தால், அதை வாங்கிக்கொண்டு அவர்களையே குறை சொல்ல முடியுமா? இன்னொன்று, எங்கள் குழுவில் சிலர் நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ள "புறாத்தீவில் சேரும் டிக்கெட் காசில் ஒரு பங்கு கேட்போம்" என்கிறார்கள். அது நடக்கிற காரியமா? உள்ளூராட்சி வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய நிதிக்கிளை எழுதியது:

தங்கச்சி, நான் கிழக்கு மாகாணத்தில் உள்ளூராட்சி சபைகளின் நிதிக் கிளைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதிய ஊஞ்சல் கொக்கி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முதலில் அந்த ஊஞ்சலைக் கழற்றச் சொல்லி இன்றைக்கே தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். கழற்றுவதற்கு வோட் தேவையில்லை, ஒரு ஸ்பனரும் ஒரு ஊழியரும் போதும். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள்.

இனிக் காசு விஷயம். "வோட் இல்லை" என்பது ஒரு சாட்டு மட்டுமல்ல, உண்மையும் கூட. சபையில் ஒரு ரூபாய் வெளியே போவதானாலும் அது பாதீட்டில் ஒரு செலவுத் தலைப்பின் கீழ் இருக்க வேண்டும். தலைப்பு இல்லாமல் சபைச் செயலாளர் வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கணக்காய்வு அவரைத்தான் கேட்கும். ஆகவே வருடத்தின் நடுவில் போய் "காசு தாங்கோ" என்று கேட்டால் யார் இருந்தாலும் அதே பதில்தான் வரும். கேட்க வேண்டிய காலம் வேறு.

சபையின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த வருடப் பாதீடு டிசம்பர் முடிவதற்குள் சபையில் நிறைவேற வேண்டும். வரைவை முன்கூட்டியே தயாரித்து, பொதுமக்கள் பார்வைக்கும் வைப்பார்கள். கிளைகளில் கணக்குப் போடத் தொடங்குவது அதற்கும் முன்பு. இதையும் நம்முடைய காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள். நமக்கு வடகீழ்ப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி தை வரை அடிக்கும். பூங்காக்கள் பழுதாவது அப்போதுதான். உல்லாசப் பயணிகள் வந்து நிலாவெளியும் உப்புவெளியும் நிறைவது சித்திரைக்குப் பிறகு. டிசம்பரில் பாதீடு நிறைவேறி, ஜனவரியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து, மதிப்பீடு போட்டு, விலை கோரி, வேலை தொடங்கும்போது சீசன் பாதி முடிந்துவிடும். பல சபைகளில் நான் கண்டது இதுதான். ஆகவே உங்கள் குழு பெரிய பரிசோதனையை ஆகஸ்ட்டில் வைத்து, செப்டெம்பரில் அறிக்கையை சபையில் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் அது வரைவுப் பாதீட்டுக்குள் நுழையும்.

அடுத்தது, யார் பெயரில் காசு. இதில் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். குழுவின் வங்கிக் கணக்குக்குக் காசு வாங்க வேண்டாம். அந்த உறுப்பினரின் கைக்காசு அறவே வேண்டாம், நீங்கள் தயங்கியது சரிதான். காசு சபையிலேயே இருக்கட்டும். பூங்காப் பராமரிப்பு என்று எல்லாப் பாதீட்டிலும் ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழ் "பூங்கா மேற்பார்வைச் செலவு" என்று ஒரு சிறு உபதலைப்பைப் போடக் கேளுங்கள். நீங்கள் பற்றுச்சீட்டைக் கொடுங்கள், சபை வவுச்சர் போட்டுக் கொடுக்கட்டும். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை தலைப்பு விழுந்துவிட்டால் அடுத்த வருடம் அதைத் தூக்குவது கடினம். தூக்கினால் ஏன் தூக்கினீர்கள் என்று சபையில் யாராவது கேட்பார்கள்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். உங்களுடையது பிரதேச சபை என்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். சபை குழுக்களை அமைக்கலாம், அவற்றில் உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வசிப்பவர்களையும் சேர்க்கலாம் என்று அதில் இருக்கிறது. சுற்றாடலுக்கும் பொது வசதிகளுக்கும் என்று ஒரு குழு அந்தப் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பூங்கா அதற்குள்தான் வரும். பல சபைகளில் இந்தக் குழு பெயருக்கு மட்டும் இருக்கிறது. உங்களில் இரண்டு மூன்று பேரை அதற்குள் எடுக்கச் சொல்லி ஒரு பிரேரணை வந்தால், வெளியில் நின்று மனுக் கொடுத்தவர்கள் உள்ளே உட்கார்ந்து அறிக்கை வைப்பவர்களாக மாறுவீர்கள். கூட்டக் குறிப்பில் அது ஏறும். அதற்குப் பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று எவரும் சொல்ல முடியாது.

பிரேரணை வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "சபை எல்லைக்குள் உள்ள சிறுவர் பூங்காக்களைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை தருவதற்கு, சுற்றாடல் மற்றும் வசதிகள் குழுவில் பிரதேசவாசிகளைச் சேர்ப்பதென்றும், அதற்கான செலவை அடுத்த ஆண்டுப் பாதீட்டில் தனி உபதலைப்பாக ஒதுக்குவதென்றும் இச்சபை தீர்மானிக்கிறது." ஒரு உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். காசு தருவதாகச் சொன்ன அந்த உறுப்பினரையே முன்மொழியக் கேளுங்கள். அவருடைய நல்ல மனது அங்கேதான் பயன்படும்.

காசு எங்கிருந்து வரும் என்பதையும் கேள்விக்கு முன்பே தெரிந்து வையுங்கள், ஏனென்றால் "சபைக்கு வருமானம் இல்லை" என்ற பதில் நிச்சயம் வரும். சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வரி), வியாபார உரிமம், சந்தைக் குத்தகை இவை சபை நேரடியாக அறவிடுவது. நீதிமன்றத் தண்டப்பணமும் காணி உறுதிகளின் முத்திரைத் தீர்வையும் மாகாணத்தின் வழியாக வரும், பிந்தித்தான் வரும். கடலோரச் சபைகளுக்கு இன்னொரு வழி உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்த ஹோட்டல், உணவகம், விடுதிகளிடம் முந்தைய வருட வருமானத்தின் 1 வீதத்துக்கு மேற்படாமல் உரிமக் கட்டணம் வாங்க சபைக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் எல்லைக்குள் எத்தனை விடுதிகள் பதிவாகியிருக்கின்றன, அதில் எத்தனை இந்தக் கட்டணத்தைக் கட்டுகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கடற்கரையைப் பார்த்துத்தான் விடுதிக்கு ஆள் வருகிறது. அந்தக் கடற்கரையோரப் பூங்காவுக்கு அந்த வருமானத்தில் ஒரு துளி வரக்கூடாதா என்று சபையில் நியாயமாகக் கேட்கலாம்.

அதே விண்ணப்பத்தில் இன்னொன்றையும் சேருங்கள்: இந்தப் பூங்காக்களின் காணி யாருடையது? சபையின் நிலையான சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா, அல்லது பிரதேச செயலாளரின் பொறுப்பில் உள்ள அரச காணியா? கடலோரமென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் வரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். காணிப் பிரச்சினை தெளியாத இடத்தில் காசு இருந்தும் வேலை நின்ற கோப்புகளை நான் நிறையக் கட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சிறு வேலைகளைச் சபைகள் கிராம மட்டச் சங்கங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பதுண்டு. நாளைக்கு உங்களிடமே வந்து "ஊஞ்சல் வேலையை நீங்களே செய்யுங்கோ" என்று கேட்பார்கள். மேற்பார்வைக் குழுவில் இருக்கும் எந்தச் சங்கமும் அந்த வேலையை எடுக்கக் கூடாது. எடுத்த அன்றோடு மேற்பார்வை முடிந்தது. இதை உங்கள் குழுவின் யாப்பிலேயே எழுதி வையுங்கள். ஆசை காட்டும்போது எழுத்துத்தான் காப்பாற்றும்.

இரக்கக்கண்டிப் படகு எழுதியது:

புறாத்தீவு பற்றி நான் சொல்கிறேன். சீசனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவன்.

அது தேசியப் பூங்கா. 1963இல் சரணாலயமாக இருந்தது, 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது. அது மத்திய அரசின் கீழ் உள்ளது. பிரதேச சபை அதில் பங்கு கேட்க முடியாது, கேட்டாலும் கிடைக்காது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள், நேரம்தான் வீண்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. தீவுக்குப் போக வருகிற சனம் முழுக்க நிலாவெளிக் கரையில்தான் இறங்குகிறது. சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் பம்பர்ஸ் எல்லாம் கரையில் கிடக்கும். காற்று மாறினால் அந்தப் போத்தல் கடலுக்குள் போய் முருகைக்கல்லில் சிக்கும். முருகைக்கல் உடைந்தால் வளர எவ்வளவு காலம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. கரைக் குப்பையை அள்ளுவது சபையின் கடமை, தீவைப் பார்ப்பது திணைக்களம். காசு அங்கே, குப்பை இங்கே. இதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம். அங்கே திணைக்களக்காரர், பிரதேச செயலாளர், சபை எல்லாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். காசாகக் கேட்காமல், குப்பைத் தொட்டி, அறிவிப்புப் பலகை, சீசனில் ஒரு காவலாள் என்று பொருளாகக் கேட்டால் ஏதாவது நடக்கும்.

படகுக்காரர் நாங்களும் உங்கள் குழுவுக்கு வருவோம். கரையில் என்ன நடக்கிறது என்று காலை ஆறு மணிக்கே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உவர்மலைவாசி எழுதியது:

அக்கா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் 12ஆம் பிரிவுக் குழுவை மட்டும் நம்ப வேண்டாம். 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் உறுப்பினர் இல்லை, செயலாளர்தான் எல்லாம். உறுப்பினர் இல்லாத சபையில் குழுவும் இல்லை. மாகாண சபையும் 2017இலிருந்து இல்லை, போய் முறையிட ஆளுநர் அலுவலகம் மட்டும்தான். அந்த இரண்டு வருடங்களில் பூங்கா ஊஞ்சலைப் பற்றி யார் கேட்டார்கள்? சபைக்குள் போய் உட்கார்ந்த குழு, சபை கலைந்த அன்றே கலைந்துபோகும். இன்னொன்று, குழுவில் எந்தப் பிரதேசவாசியைப் போடுவது என்று தீர்மானிப்பது சபையின் பெரும்பான்மை. தங்கள் கட்சி ஆளைப் போட்டால் என்ன செய்வீர்கள்?

திருகோணமலைக் கோட்டைக்குள்ளும் வீதியிலும் திரியும் புள்ளிமான்களைப் பாருங்கள். ஃபிரடெரிக் கோட்டை ஒரு பக்கம் இராணுவம், ஒரு பக்கம் தொல்லியல், மான் வனசீவராசிகள், குப்பை உள்ளூராட்சி. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அந்த மான்களுக்கு ஏதோ கொடுக்கிறார்கள், மான் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கிறது. நாலு பேர் பொறுப்பென்றால் ஒருவரும் பொறுப்பில்லை. வெளியே நின்று எல்லாரையும் கேட்கிற ஒரு குழு இருந்தால்தான் இது சரிவரும். அதனால் காசை ஊர்மக்களிடமும் வெளிநாட்டில் உள்ள நம்மவர்களிடமும் சேர்ப்பதே நல்லது.

கடற்கரைவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஊஞ்சல் கடிதம் கொடுத்துவிட்டேன், பிரதியில் முத்திரையும் வாங்கினேன். படகு அண்ணா, உங்கள் ஆட்களில் ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அனுப்புங்கள்.

நிதிக்கிளை அக்கா, உவர்மலை அண்ணா கேட்டது எங்கள் குழுவிலும் பெரிய வாக்குவாதமாகப் போகிறது. வெளிநாட்டுக் காசு என்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும், சபைக்குப் பின்னால் அலைய வேண்டியதில்லை என்று சொல்கிறார்கள். மாதர் சங்கத்து அம்மா ஒருவர் மட்டும், "நாங்கள் சோலைவரி கட்டுறம், பூங்கா சபைக்குரியது, பிறகேன் கனடாவிலிருந்து காசு?" என்று கேட்டார். எனக்கு அவர் பக்கம்தான் மனம் போகிறது. ஆனால் சபை கலைந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய நிதிக்கிளை எழுதியது:

அந்த அம்மா சொன்னது முழுக்கச் சரி. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் பூங்காவைத் திருத்தினால், அடுத்த வருடப் பாதீட்டில் பூங்காத் தலைப்பைக் குறைப்பார்கள். "அங்கேதான் ஆட்கள் பார்க்கிறார்களே" என்பார்கள். தானத்தில் வாங்கிய விளக்கு எரியாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? சபை வாங்கிய விளக்கென்றால் கேட்கலாம். அவர்கள் உதவ விரும்பினால் பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுக்கட்டும், அங்கே தேவை நிறைய இருக்கிறது.

உவர்மலைத் தம்பி எழுப்பிய கேள்வி நியாயமானது. சபை இல்லாத காலத்தை நானும் கிளைக்குள் இருந்து பார்த்தவள். அதற்காகத்தான் உங்கள் குழு சபைக்குள் கரைந்துவிடக் கூடாது. சனசமூக நிலையங்களின் கூட்டு வெளியே தனியாக இருக்கட்டும், அதன் கூட்டக் குறிப்பு, யாப்பு, பதிவேடு எல்லாம் உங்களுடையது. அந்தக் கூட்டு இரண்டு பேரைத் தெரிந்து சபைக் குழுவுக்கு அனுப்பட்டும். கட்சி ஆளைப் போட்டால் போடட்டும், உங்கள் காலாண்டு அறிக்கை எப்படியும் சபைக்குப் போகும், பிரதி உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் போகட்டும். உறுப்பினர்கள் இல்லாத காலத்திலும் உதவி ஆணையாளர் இருந்தார், பாதீடும் இருந்தது. செயலாளர் தனியாக இருக்கும்போது ஏற்கெனவே விழுந்த தலைப்பில் செலவு செய்வது அவருக்குச் சுலபம், புதிய தலைப்புப் போடத்தான் அவர் யோசிப்பார். உபதலைப்பை இப்போதே போட்டுவிட வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு பூங்காவுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் பெயின்ற்றால் இலக்கம் போடுங்கள், அந்த இலக்கத்தின்படி எழுதுங்கள். "ஊஞ்சல் பழுது" என்று எழுதினால் கிளையில் தூங்கும். "2ஆம் இலக்க ஊஞ்சல், இடது கொக்கி, பாதி தேய்வு, இன்ன திகதி" என்று எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதை அப்படியே மதிப்பீட்டில் எடுத்து எழுதுவார். புதிதாகப் போடும்போது கல்வனைஸ் செய்த சங்கிலியும் துருப்பிடிக்காத கொக்கியும் வேண்டுமென்று நீங்களே அறிக்கையில் குறிப்பிடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் இரண்டு மழைக்குள் திரும்ப மாற்ற வேண்டி வராது.

பிரேரணையை உறுப்பினரிடம் கொடுக்கும்போது தட்டச்சு செய்து கொடுங்கள், கீழே எல்லாச் சனசமூக நிலையங்களின் பதிவிலக்கமும் இருக்கட்டும். சபையே பதிவு செய்த நிலையங்கள் என்பதால் "நீங்கள் யார்" என்ற கேள்வி அங்கே எழாது. வாசகத்தை இங்கே போட்டால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

கடற்கரைவீதி எழுதியது:

ஞாயிறு கூட்டத்தில் எழுதிவிட்டு இங்கே போடுகிறேன் அக்கா. ஊஞ்சல் இரண்டையும் இன்று பின்னேரம் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சறுக்கு மரம் அப்படியே இருக்கிறது, அதற்கும் கடிதம் எழுதுகிறேன்.